உப்பின் மேல் மிதக்கும் ஊர்

யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சுற்றி ஒரு நாள் கார்ப் பயணம்

யாழ்ப்பாணத்தில் கார் ஓட்டுபவர்கள் வெளியூர்க்காரர்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தீவுகளுக்குப் போகிறவர்கள் ஒரு வகை, வடக்குக் கரைக்குப் போகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கிளம்பி வரும் மூன்றாவது வகையும் உண்டு. அவர்களோடு வாதாடிப் பயனில்லை என்று ஓட்டுநர்கள் விட்டுவிடுகிறார்கள்.

நயினாதீவும் நெடுந்தீவும் படகு நேரத்துக்குக் கட்டுப்பட்டவை. குறிகட்டுவான் இறங்குதுறையில் காரை நிறுத்திவிட்டுக் காத்திருப்பதிலேயே பொழுது போய்விடும். கையில் கார் இருப்பவருக்கு வடக்குக் கரைதான் சரி. நகரத்திலிருந்து பருத்தித்துறை, அங்கிருந்து கடலோரமாக மேற்கே வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு. பிறகு காங்கேசன்துறை, கீரிமலை, காரைநகர், மறுபடி நகரம். எல்லாம் சேர்த்துச் சுமார் 150 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்கு வண்டி ஏறினால் இருட்டும் நேரத்துக்குத் திரும்பிவிடலாம்.

கடலைப் பார்க்கத்தான் எல்லோரும் இந்த வழியில் போகிறார்கள். கடல் பார்க்கத் தகுந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சுற்றில் கடலைவிடச் சுவாரசியமானது கிணறு.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஆனையிறவு, சுண்டிக்குளம் பக்கம் வன்னியோடு ஒட்டியிருக்கும் மெல்லிய கழுத்தை விட்டால், மற்ற எல்லாப் பக்கமும் கடல் அல்லது கடனீரேரி. மலை கிடையாது. ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று மழைக்காலத்தில் மட்டும் தலைகாட்டும். 2012 கணக்கெடுப்பின்படி யாழ் மாவட்டத்தில் ஐந்தே முக்கால் லட்சத்துக்கு மேல் மக்கள். அவர்கள் குடித்ததும் குளித்ததும், வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் விளைவித்து ஊருக்கெல்லாம் விற்றதும் நிலத்துக்கு அடியில் இருக்கும் நீரை நம்பித்தான்.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

போகிற பாதையைச் சொல்வதற்கு முன் போகிற வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் என்று இங்கிலாந்தில் அருங்காட்சியகத்தில் நிற்க வேண்டிய கார்கள் யாழ்ப்பாணத்தில் இன்னும் கல்யாண ஊர்வலத்துக்குப் போய்வருகின்றன. 1990-இல் போர் மறுபடி மூண்டதும் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல் வருவது நின்றது. கொஞ்சம் பெற்றோலைக் காட்டி எஞ்சினைக் கிளப்பி, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் வித்தையை ஊரே கற்றுக்கொண்டது. புதுக் கார்கள் இதற்கு மசியவில்லை, கிழட்டு எஞ்சின்கள் மசிந்தன. பிரசவத்துக்குப் போனதும் பிணம் ஏற்றியதும் அந்தப் புகையோடுதான்.

எனக்கு வாய்த்தது ஒரு ஏ40. ஓட்டுநர் அண்ணைக்கு எழுபதை நெருங்கும் வயது. "இது மண்ணெண்ணெய் குடிச்சு ஓடின கார், தம்பி. ஏசி மட்டும் கேக்காதேங்கோ" என்று கதவைத் திறந்துவிட்டார். குழந்தைகளோடு போகிறவர்கள் குளிரூட்டிய வேன் எடுப்பதே நல்லது. பழைய காரில் பெருமை அதிகம், இடுப்பு வலியும் அதிகம்.

நகரத்தை விட்டு இருபாலை, கோப்பாய் தாண்டினால் மண் சிவந்துவிடும். செம்பாட்டு மண் என்கிறார்கள். பாத்தி பாத்தியாக வெங்காயம், பீற்றூட், புகையிலை. நீர்வேலியில் வாழைக்குலைச் சந்தை. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கிணறு. ஒரு காலத்தில் துலா மிதித்து இறைத்தார்கள். மேலே ஒருவர் துலாவில் நடக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடித்துக் கவிழ்க்க, இன்னொருவர் வாய்க்காலில் தண்ணீர் கட்ட, விடியும் முன்பே வேலை தொடங்கும். பிறகு இறைக்கும் மிசின் வந்தது. ஆள் களைத்தால் இறைப்பு நின்ற காலம் போய், எண்ணெய் தீர்ந்தால்தான் நிற்கும் காலம் வந்தது. கிணறுகளின் கதை திரும்பிய இடம் அதுதான் என்பது என் எண்ணம்.

அடுத்து சிறுப்பிட்டி. கண்ணை மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும் ஊர். தமிழ்நாட்டுக்காரர்கள் இங்கே ஒரு நிமிடமாவது வண்டியை நிறுத்த வேண்டும். சி.வை. தாமோதரம்பிள்ளை 1832-இல் பிறந்த மண் இது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். கலித்தொகையை 1887-இல் அச்சேற்றியவர். உ.வே.சா. சீவக சிந்தாமணியை வெளியிட்ட அதே ஆண்டு. நம் ஊரில் ஒருவரைத் தாத்தா என்று கொண்டாடும் அளவுக்கு இன்னொருவரை நினைப்பதில்லை.

நிலாவரை

புத்தூர்ச் சந்தியிலிருந்து மேற்கே சற்றுத் தூரத்தில், நவக்கிரியில் இருக்கிறது நிலாவரைக் கிணறு. கிணறு என்பதைவிடக் கேணி என்பது பொருந்தும். சதுரமாகப் பாறை வாய்திறந்து, பச்சையும் நீலமுமாகத் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. ஆழம் நூறு அடிக்கு மேல். சீதையின் தாகம் தீர்க்க இராமர் அம்பு விட்ட இடம் என்பது ஒரு கதை. அடியே இல்லாத கிணறு என்பது இன்னொரு கதை.

"இதுக்குள்ள தேசிக்காய் போட்டால் கீரிமலையில போய் மிதக்கும்" என்றார் அண்ணை.

"நீங்க போட்டுப் பாத்திருக்கீங்களா?"

"என்ர அப்பர் போட்டவராம். அவர் சைக்கிள் மிதிச்சுக் கீரிமலைக்குப் போய்ச் சேர முன்னம் ஆரோ எடுத்துக் கரைச்சுக் குடிச்சிட்டினமாம்."

எலுமிச்சையின் பயணத்துக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் கதையின் அடியில் ஒரு விஷயம் இருக்கிறது. குடாநாடு முழுவதும் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லின் மேல் அமர்ந்திருக்கிறது. அந்தக் கல் மழைநீரில் கரையும். கரைந்த இடங்களில் பொந்தும் பிளவும் குகையுமாக வழிகள் உண்டாகும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழை செம்மண்ணில் இறங்கி அந்தப் பொந்துகளில் சேர்கிறது. அதற்குக் கீழே நாலாபுறமும் புகுந்திருப்பது கடல்நீர். உப்பு நீர் கனம், நன்னீர் லேசு. அதனால் மழைநீர் உப்பின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. நிலாவரையிலேயே மேலே இருப்பது நன்னீர், ஆழத்தில் உப்பு.

பெய்ததெல்லாம் தங்குவதும் இல்லை. கல்லின் ஓட்டைகள் வழியாக ஒரு பகுதி கடலுக்கே ஒழுகிப் போகிறது. எஞ்சியதை இறைக்கும்போது அளவு தப்பினால் ஆபத்து. நன்னீரின் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் அடியிலுள்ள உப்பு நீர் நாற்பது மீட்டர் வரை மேலே ஏறும் என்பது நீரியல் கணக்கு. மிசின்கள் இரவு பகலாக ஓடிய தோட்டங்களில் கிணறு உவர்த்துப் போனது இப்படித்தான். உரம் அதிகம் போட்ட இடங்களில் நைத்திரேற்று கலந்தது. சுன்னாகத்தில் மின் நிலையப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. பொந்து நிறைந்த பாறையில் ஒருவர் கொட்டியது அடுத்தவர் வாளியில் வரும்.

வல்லை வெளி

அச்சுவேலிப் பக்கம் தாண்டியதும் வீடுகள் மறைந்து, பனைகளும் மறைந்து, வெறும் வெளி விரிகிறது. வல்லை வெளி. காற்று காரையே தள்ளும். நடுவே பாலம், இருபுறமும் கடனீரேரி, அதில் கொக்கும் நாரையும். படம் எடுக்க எல்லோரும் இறங்கும் இடம். இறங்கியவர்கள் தண்ணீரையும் ஒருமுறை யோசிக்கலாம்.

1950-களில் நீர்ப்பாசனப் பொறியாளர் எஸ். ஆறுமுகம் ஒரு திட்டம் போட்டார். யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு. ஆனையிறவுக் கடனீரேரியைக் கடலிலிருந்து அடைத்து, வன்னியிலிருந்து வந்து விழும் மழைநீரால் நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக இந்த வடமராட்சி ஏரிக்குக் கொண்டுவருவது. இங்கிருந்து உப்பாற்றுக்கு. ஏரிகள் இனித்தால் சுற்றியுள்ள கிணறுகளும் தேறும் என்பது கணக்கு. அணைகள் சில எழுந்தன. முழுத் திட்டமும் முடியவே இல்லை. போர் வந்ததை மட்டும் காரணமாகச் சொல்ல மாட்டேன். போருக்கு முன்பும் பின்பும் இருந்த அரசுகளுக்கு நேரம் நிறையவே இருந்தது.

நெல்லியடி தாண்டிப் பருத்தித்துறை. நகருக்குள் நுழையாமல் முதலில் தென்கிழக்கே வல்லிபுரத்துக்கு விடச் சொல்லுங்கள். வெயில் ஏறிவிட்டால் அந்த மணலில் கால் வைக்க முடியாது. வல்லிபுர ஆழ்வார் கோயிலைச் சுற்றி மணல், மணல், மணல்தான். 1936-இல் இங்கே கிடைத்த பொற்சாசனம் வரலாற்றாசிரியர்களுக்கு இன்றும் சண்டை போடுவதற்குப் பயன்படுகிறது. இன்னும் தெற்கே மணற்காட்டில் சவுக்குக் காடு, அதைத் தாண்டி மணல் மேடுகள், மணலில் பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் தேவாலயம். கடலிலிருந்து கல்லெறி தூரத்தில் மணலைத் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் வரும். மணல் மேடு மழையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வடமராட்சிக் கிழக்கில் டிப்பர் டிப்பராக மணல் அள்ளிப் போவதை ஊர்க்காரர்கள் எதிர்க்கிறார்களே, அவர்கள் காப்பாற்றப் பார்ப்பது அழகை மட்டும் அல்ல, தண்ணீர்த் தொட்டியை.

முனை

பருத்தித்துறையில் ஒரு கட்டடத்தைத் தவறவிடக் கூடாது. தெருமூடி மடம். தெருவின் குறுக்கே கல் தூண்கள், மேலே கூரை, இருபுறமும் திண்ணை. தெரு மடத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது. நடந்து வந்தவர்களும் வண்டிக்காரர்களும் இளைப்பாறக் கட்டியது. இந்தப் பக்கத்து வழிகளில் மடத்தோடு கிணறும் கேணியும் மாடு உடம்பு உரசிக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல்லும் சுமைதாங்கியும் இருக்கும். வழிப்போக்கனுக்கும் மாட்டுக்கும் தண்ணீர் வைப்பது இங்கே தர்மத்தின் முதல் பாடம். நம் ஏ40 அந்தக் கூரைக்கு அடியில் மெதுவாக நுழைந்து போனது. லாரிகள் பாடு எப்படியோ.

ஓடக்கரைத் தோசையைச் சாப்பிட்டுவிட்டுப் பருத்தித்துறை வடை வாங்கிக்கொள்ளுங்கள். நம்மூர் வடையை நினைக்காதீர்கள். இது தட்டையாக, மொறுமொறுவென்று, நாள் கணக்கில் கெடாமல் இருக்கும். கொழும்புக்கும் கனடாவுக்கும் பொதி கட்டிப் போவது இதுதான். முனையில் 1916-இல் கட்டிய வெளிச்சவீடு நிற்கிறது. மேற்கே கொஞ்சம் போனால் சக்கோட்டை முனை, இலங்கையின் வடகோடி. அங்கே செல்ஃபி எடுப்பவர்கள் கூட்டம். எனக்கு அந்த இடத்தில் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. வடகோடி என்று எழுதி வைத்திருப்பதால் வடகோடி.

அங்கிருந்து வல்வெட்டித்துறை வரையிலான கடலோரச் சாலைதான் இந்த நாளின் அழகான துண்டு. வலப்பக்கம் கடல் கைக்கெட்டும் தூரத்தில், சாலையோடு சமமாக. அலை பெரிதாக இல்லை. வள்ளங்கள் கரையேறிக் கிடக்கின்றன.

வல்வெட்டித்துறை என்றதும் தமிழ்நாட்டில் பிரபாகரன் பெயர்தான் முதலில் வரும். அதற்கு முன்பே இது கப்பல் கட்டிய ஊர். இங்கே கட்டிய பாய்க்கப்பல்கள் பர்மா வரை வணிகம் செய்தன. அவற்றில் 'அன்னபூரணி அம்மாள்' என்ற கப்பலை ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே ஓட்டிச் சென்று 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதே ஊரில் பிறந்த 'ஆழிக்குமரன்' ஆனந்தன் 1971-இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து இந்தியக் கரையைத் தொட்டார். தொட்டுவிட்டு நீந்தியே திரும்பினார். 1984-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிரிழந்தார். தைப்பொங்கலன்று போக முடிந்தால் இந்தக் கடற்கரையில் பட்டத் திருவிழா பார்க்கலாம். நம்மூர்க் காற்றாடி அல்ல, கப்பலும் பறவையும் யானையுமாக ஆள் உயரத்துக்கு மேல் கட்டிய பட்டங்கள்.

தொண்டைமானாற்றில் ஆற்றங்கரையிலேயே செல்வச்சந்நிதி முருகன். பூசை செய்பவர்கள் பிராமணர்கள் அல்லர், கரையோரச் சமூகத்தவர். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரம் இல்லாமல் மௌனமாகப் பூசிக்கிறார்கள். அன்னதானக் கந்தன் என்று பெயர். பசியோடு போனவர் பசியோடு திரும்புவதில்லை, மதியச் சாப்பாட்டுக்கு இதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை. கோயிலுக்குப் பக்கத்தில் பாலமும் தடுப்பணையும். சோழர் தளபதி கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிப் போக வெட்டி ஆழப்படுத்திய வழி இது என்பது ஊர் வழக்கு. அன்று உப்பை வெளியே கொண்டுபோகத் திறந்த வாயை, இன்று உப்பு உள்ளே வராமல் இருக்கக் கதவு போட்டு அடைத்திருக்கிறார்கள். ஆறுமுகத்தின் திட்டத்தில் உருவான துண்டுகளில் இதுவும் ஒன்று.

இதற்கு அப்பால் கடலோரச் சாலையை நம்ப முடியாது. பலாலி விமானத் தளத்தைச் சுற்றிய இராணுவ வலயத்தில் வழிகள் சில திறந்தும் சில மூடியும் இருக்கின்றன. உள்வழியாகத் தெல்லிப்பழைக்கு வந்து வடக்கே திரும்புவதே உறுதி. 1990-இல் இந்த வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் உடுத்த துணியோடு வெளியேறினார்கள். மயிலிட்டி மீனவர்கள் தங்கள் துறைமுகத்தை மறுபடி பார்த்தது 2017-இல். இன்னும் திரும்பாத காணிகள் இருக்கின்றன. வழியில் கூரையில்லாத வீடுகளுக்குள் ஆலும் அரசும் வளர்ந்து நிற்கின்றன. கிணறு மட்டும் அப்படியே இருக்கிறது. திரும்பி வந்தவர்கள் முதலில் செய்த வேலை அதை இறைத்துத் துப்புரவாக்கியதுதான் என்றார் அண்ணை.

காங்கேசன்துறையில் 1950-இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990-இல் நின்றது. அது தின்றது தண்ணீரைத் தாங்கும் இதே சுண்ணாம்புக்கல்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்தது. சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. டிக்கெட் எடுக்குமுன் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து பலாலிக்கு விமானமும் உண்டு.

கீரிமலை

இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் அரை நாள் இருக்கலாம் என்றால் நான் கீரிமலையைச் சொல்வேன். நகுலேஸ்வரக் கோயிலுக்குக் கீழே, கடற்கரைப் பாறையில் கட்டிய கேணி. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. சுவருக்கு அந்தப் பக்கம் அலை மோதுகிறது, இந்தப் பக்கம் குளிர்ந்த நன்னீர் பாறைக்குள்ளிருந்து ஊறிக்கொண்டே இருக்கிறது. கீரிமுகம் கொண்ட நகுல முனிவருக்கும் குதிரைமுகம் கொண்ட சோழ இளவரசிக்கும் இங்கே குளித்து முகம் மாறியது என்பது புராணம். ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் செய்யக் குடாநாடே இங்கே திரளும். 1990-இல் குண்டு விழுந்து சிதைந்த கோயிலைப் போருக்குப் பிறகு எடுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

நிலாவரையில் சொன்ன மழைநீரில் ஒரு பங்கு பாறை வழியே நடந்து வந்து கடலில் விழும் வாசல் இது. மாற்றுத் துணி எடுத்துப் போங்கள். சோப்பு வேண்டாம். இறங்கி நில்லுங்கள். காலடியில் நீர் கிளம்புவது தெரியும்.

மாதகல் பக்கத்தில் சங்கமித்தை வெள்ளரசு மரக்கிளையோடு வந்திறங்கியதாக மகாவம்சம் சொல்லும் சம்புகோளப்பட்டினம். புதிய விகாரை ஒன்று எழுந்திருக்கிறது. தென்னிலங்கைப் பேருந்துகள் வரிசையாக நிற்கும். பொழுது சாய்வதற்குள் பொன்னாலைப் பாலத்தைப் பிடிக்க வேண்டும் என்பதால் நாங்கள் நிற்கவில்லை. பாலத்தின் இருபக்கமும் முழங்கால் ஆழப் பரவைக்கடல், அதில் மீன்பிடிக்கும் கூட்டு வலைகள். தாண்டினால் காரைநகர், அதன் வடகரையில் கசூரினா கடற்கரை. நெடுந்தூரம் ஆழமே இல்லாத கடல், குழந்தைகளை நம்பி இறக்கலாம். விடுமுறை நாளில் கூட்டமும் பாட்டுப்பெட்டியும் அதிகம். வார நாளில் போங்கள்.

கடற்கரைக்கு வெளியே தண்ணீர் பவுசர் ஒன்று எதிரே வந்தது. காரைநகரில் பல கிணறுகள் உவர். குடிநீர் இப்படித்தான் வருகிறது. குடாநாட்டின் மற்ற ஊர்களும் மெல்ல அந்த நிலைக்குத்தான் நகர்ந்தன. இரணைமடுக் குளத்திலிருந்து நீர் கேட்டபோது கிளிநொச்சி விவசாயிகள் தங்கள் வயலுக்கே போதாது என்று மறுத்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் வடமராட்சிக் கிழக்கில், தாளையடியில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீட்டர். மின்சாரம் செலவழித்து இப்போது எடுக்கும் நன்னீரை, செம்மண்ணும் சுண்ணாம்புக்கல்லும் இவ்வளவு காலம் காசு வாங்காமல் தந்துவந்தன.

போகிறவர்கள் தை பிற்பாதியிலிருந்து மாசி முடிவதற்குள் போங்கள். மழை விட்டிருக்கும், கிணறுகள் நிறைந்திருக்கும், வெயில் பொறுக்கும். திரும்பி வந்து விடுதியில் கசூரினாவின் உப்பைக் கழுவும்போது ஷவரைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடாதீர்கள். ஒரு வாளி போதும்.